கேள்வி–பதில்: பிலடெல்பியா, 1793

சென்ற இதழில் டெங்கு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, அதைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு 1793-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பிப் பத்தில் ஒருவரைப் பலிகொண்டது என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றியே வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்காக இம்முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: 1793-இல் பிலடெல்பியாவில் நடந்தது என்ன? ஒரு பெரிய நகரத்தில் கொசுக்கடியால் அவ்வளவு பேர் இறந்தது எப்படி?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: அந்த ஆண்டில் பிலடெல்பியாதான் அமெரிக்காவின் தலைநகரம். வாஷிங்டன் நகரம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்ததால், 1790 முதல் 1800 வரை நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவரும் அங்கேயே இருந்தார்கள். புறநகர்களையும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த அந்நகரமே நாட்டின் மிகப் பெரிய நகரமாகவும், டெலவேர் ஆற்றின் வழியாகக் கப்பல்கள் வந்துபோகும் முக்கியத் துறைமுகமாகவும் விளங்கியது. ஆண்டு நல்லபடியாகத்தான் பிறந்தது. ஜனவரி 9 அன்று பிரான்சைச் சேர்ந்த ஜான்-பியர் பிளான்ஷார், வால்நட் தெருச் சிறைச்சாலையின் முற்றத்திலிருந்து பலூனில் கிளம்பி, ஆற்றைக் கடந்து நியூஜெர்சியில் இறங்கினார். கயிற்றில் பிணைக்கப்படாத பலூனில் ஒரு மனிதர் அமெரிக்க வானில் பறந்தது அதுவே முதல் முறை என்பதால், ஜார்ஜ் வாஷிங்டனே நேரில் வந்து அவரை வழியனுப்பினார். மார்ச் 4 அன்று வாஷிங்டன் இரண்டாம் முறையாகப் பதவியேற்றதும் இதே நகரில்தான்.

கோடையில் நிலைமை மாறியது. கரீபியக் கடலில் பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்த செயின்ட் டொமிங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், 1791 முதல் அடிமைகளின் எழுச்சி நடந்துகொண்டிருந்தது. 1793 ஜூனில் அங்கிருந்த காப் பிரான்சே நகரம் எரிந்தபோது உயிர் தப்பியவர்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கத் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 2,000 பேர் பிலடெல்பியாவில் வந்திறங்கினார்கள். மஞ்சள் காய்ச்சல் நெடுங்காலமாக வழங்கிவந்த தீவு அது. வந்தவர்களில் சிலரின் இரத்தத்தில் அந்நோயின் வைரஸ் இருந்தது. கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களில் கொசுவும் அதன் முட்டைகளும் வந்திருக்க வேண்டும். அந்தக் கோடையோ கடும் வெப்பமும் வறட்சியும் நிறைந்தது. நீரோடைகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கிக் கிடந்தன. வீட்டுக்கு வீடு மழைநீரைப் பிடித்து வைக்கும் தொட்டிகளும் பீப்பாய்களும் இருந்தன. ஏடிஸ் கொசு பெருகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் சாவுகள் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆற்றையொட்டிய வாட்டர் தெருவின் விடுதிகளிலும் குடியிருப்புகளிலும் நிகழ்ந்தன. மாலுமிகளும் ஏழைகளும் இறந்த அந்த நாட்களில் நகரம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 19 அன்று ஒரு வணிகரின் மனைவியைப் பார்க்கச் சென்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அங்கிருந்த மற்ற மருத்துவர்களிடம், இது மஞ்சள் காய்ச்சல்தான் என்று அறிவித்தார். முப்பது ஆண்டுகளாக அந்நகரம் அந்நோயைக் கண்டதில்லை.

நோயின் போக்கு கொடுமையானது. திடீரென்று குளிர்க்காய்ச்சல், தலைவலி, முதுகுவலி. மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் தணிந்து, பிழைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை பிறக்கும். பலர் அத்துடன் குணமடைவார்கள். மற்றவர்களுக்கு அடுத்த நாளே காய்ச்சல் திரும்பி, கண்ணும் தோலும் மஞ்சளாகி, மூக்கிலும் ஈறுகளிலும் இரத்தம் கசிந்து, கறுப்பு நிறத்தில் வாந்தி வரும். அந்த வாந்தியைக் கண்ட பிறகு பிழைத்தவர்கள் சிலரே.

ஆகஸ்ட் இறுதியில் மருத்துவர் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயாளிகளைத் தேவையின்றி நெருங்காதீர்கள், நோய் உள்ள வீடுகளுக்கு அடையாளம் இடுங்கள், தெருக்களைச் சுத்தம் செய்யுங்கள் என்பவற்றோடு, சாவுமணி அடிப்பதை நிறுத்துங்கள் என்பதும் அதில் ஒன்று. நாள் முழுவதும் ஒலித்த தேவாலய மணிகளே மக்களைக் கதிகலங்க வைத்திருந்தன. மணி ஓய்ந்தது, அச்சம் ஓயவில்லை. காடியில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள், பூண்டை மென்றார்கள், பெண்களும் சிறுவர்களும்கூடச் சுருட்டுப் பிடித்தார்கள், காற்று தூய்மையாகும் என்று நம்பித் தெருவில் துப்பாக்கி மருந்தை வெடித்தார்கள். நண்பர்கள் கைகுலுக்குவதை விட்டார்கள். கணவனை மனைவியும், பெற்ற பிள்ளையைத் தாய் தகப்பனும் விட்டுச் சென்ற நிகழ்ச்சிகள் அக்காலக் குறிப்புகளில் பதிவாகியுள்ளன. வசதி படைத்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஏறத்தாழ 17,000 பேர் நகரை விட்டுப் போனார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. சுற்றிலும் இருந்த ஊர்கள் சாலைகளில் காவல் போட்டுப் பிலடெல்பியாக்காரர்களைத் தடுத்து நிறுத்தின.

அக்டோபர் 11 அன்று மட்டும் 119 உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. அம்மாத இறுதியில் உறைபனி விழத் தொடங்கியதும் நோய் தணிந்து, நவம்பரில் ஓய்ந்தது. குளிர் தாங்காமல் மடிந்தது கொசுதான் என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 9 வரை கல்லறைகளின் பதிவுகளில் இருந்தவர்கள் மட்டுமே 4,000-க்கும் அதிகம். மொத்தச் சாவு ஏறத்தாழ 5,000 என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. ஓடியவர்களைக் கழித்துப் பார்த்தால், தங்கியிருந்தவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இறந்திருக்கிறார்கள்.

கேள்வி: நாட்டின் தலைவரே ஓடிவிட்டாரா? அரசாங்கத்தை நடத்தியது யார்?
— வாசகர், கரூர்

பதில்: செப்டம்பர் 10 அன்று வாஷிங்டன் தம் குடும்பத்துடன் வர்ஜீனியாவில் உள்ள மவுண்ட் வெர்னன் இல்லத்துக்குப் புறப்பட்டார். இலையுதிர் காலத்தில் அங்கே செல்வது அவரது வழக்கம்; தம் மனைவி தம்மை விட்டுவிட்டுப் போக மறுத்ததால் கிளம்ப நேர்ந்தது என்று எழுதியும் இருக்கிறார். அமைச்சர்களும் எழுத்தர்களும் கலைந்துவிட்டதால் மத்திய அரசின் வேலைகள் சில வாரங்கள் ஏறக்குறைய நின்றேபோயின. நாடாளுமன்றத்தை வேறு ஊரில் கூட்டக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டா என்ற சட்டச் சிக்கலும் அப்போதுதான் எழுந்தது. நவம்பரில் அருகிலுள்ள ஜெர்மன்டவுனில் தங்கி அமைச்சரவையைக் கூட்டிய வாஷிங்டன், நோய் நின்றுவிட்டதால் டிசம்பரில் நாடாளுமன்றத்தைப் பிலடெல்பியாவிலேயே கூடச் செய்தார். அத்தகைய ஆபத்துக் காலத்தில் இடத்தை மாற்ற அதிகாரம் அளிக்கும் சட்டம் 1794 ஏப்ரலில் நிறைவேறியது.

நகரை நடத்தியது வேறு சிலர். மேயர் மாத்யூ கிளார்க்சன் நகரை விட்டு அசையவில்லை. நகராட்சி உறுப்பினர்கள் பெரும்பாலும் போய்விட்ட நிலையில், அவர் தன்னார்வலர்களைத் திரட்டிச் செப்டம்பரில் ஒரு குழு அமைத்தார். தச்சர், சிறு வணிகர் என்று பெரிய பட்டம் பதவி இல்லாதவர்களே அதில் அதிகம். ஊருக்கு வெளியே புஷ் ஹில் என்ற மாளிகையில் ஏழை நோயாளிகளைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவரும் இறந்தவரும் ஒரே அறையில் கிடந்த அந்த இடத்துக்குப் போவதைவிட வீட்டில் சாவதே மேல் என்று மக்கள் அஞ்சினார்கள். அதைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை ஏற்க ஆளில்லாதபோது, பிரான்சில் பிறந்த கப்பல் வணிகர் ஸ்டீபன் ஜிரார்டும், பீட்டர் ஹெல்ம் என்பவரும் தாமாக முன்வந்தார்கள். ஜிரார்ட் பெரும் பணக்காரர். அவர் தம் கையாலேயே நோயாளிகளின் வாந்தியைத் துடைத்து, மருந்து புகட்டி, இறந்தவர்களைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றதை உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தாய் தந்தையை இழந்த குழந்தைகளைக் குழு ஒரு நூலகக் கட்டடத்தில் வைத்துக் காப்பாற்றியது.

கேள்வி: அத்தனை மருத்துவர்கள் இருந்தும் கொசுதான் காரணம் என்று எவருக்கும் தோன்றவில்லையா? என்ன சிகிச்சை கொடுத்தார்கள்?
— ஓய்வுபெற்ற மருந்தாளுநர், திருச்சி

பதில்: காரணத்தைப் பற்றி அன்று இரண்டு கட்சிகள் இருந்தன. கப்பலில் வந்த தொற்று என்று ஒரு சாராரும், நகரத்தின் அழுகலிலிருந்து எழும் நச்சுக்காற்று என்று மறு சாராரும் வாதிட்டார்கள். ரஷ் இரண்டாவது கட்சி. துறைமேடை ஒன்றில் கொட்டப்பட்டு அழுகி நாறிய காப்பிக்கொட்டைதான் மூலகாரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். உண்மையில் இரு சாராரிடமும் பாதி உண்மை இருந்தது: வைரஸ் கப்பலில்தான் வந்தது, ஆனால் அதைப் பரப்பியது நகரத்தில் தேங்கிய தண்ணீரில் பெருகிய கொசு.

மிக அருகில் வந்துவிட்டு அவர்கள் தவறவிட்டதை நினைத்தால் மனம் பதைக்கிறது. அந்த ஆண்டு கொசுக்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருந்தன என்று ரஷ்ஷே குறித்து வைத்திருக்கிறார். ஆகஸ்ட் இறுதியில் அங்கே வெளியான ஒரு நாளிதழில் 'ஏ.பி.' என்ற எழுத்துகளை மட்டும் கையொப்பமாக இட்டு ஒருவர் கடிதம் எழுதினார். வீடுகளிலுள்ள மழைநீர்ப் பீப்பாய்களில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன. தண்ணீரின் மேல் சிறிது எண்ணெய் ஊற்றினால் அவை மூச்சுவிட முடியாமல் செத்துவிடும். நோயாளிகளுக்குக் கொசுத்தொல்லை குறையும் என்பது அக்கடிதத்தின் சாரம். காய்ச்சலையும் கொசுவையும் அவர் இணைக்கவில்லை. ஆயினும் நம் ஊரில் இன்று சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து சொல்லும் அறிவுரை அதேதான். நகரம் அந்தக் கடிதத்தைப் பின்பற்றியிருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். கொசுவே இந்நோயைக் கடத்துகிறது என்ற கருத்தை ஹவானாவில் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் முன்வைத்தார். வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு 1900-இல் அதைச் சோதனையால் மெய்ப்பித்தது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, ரஷ் கலோமெல் என்ற பாதரச மருந்தையும், ஜாலப் வேரையும் பெரும் அளவில் கொடுத்து வயிற்றைக் கழுவி, இரத்தக்குழாயைக் கீறி இரத்தத்தை வடித்தார். நோயாளி தளர்ந்த பிறகும் மீண்டும் வடித்தார். ஏற்கெனவே இரத்தக்கசிவால் வாடும் ஒருவருக்கு இது எவ்வளவு கேடு என்பதை மருந்தாளுநராகிய தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரீபியத் தீவுகளில் இந்நோயைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் நோயுற்றபோது, அவரது இளமைக்கால நண்பரான எட்வர்ட் ஸ்டீவன்ஸ் சிங்கோனா பட்டை, குளிர்ந்த நீர்க்குளியல், சிறிது ஒயின் என்று உடலைத் தேற்றும் முறையிலேயே மருத்துவம் பார்த்தார், ஹாமில்டன் பிழைத்தார். புஷ் ஹில்லில் பணிபுரிந்த செயின்ட் டொமிங்கு மருத்துவர் ஜான் டெவேசும் ஓய்வும் நல்ல உணவும் இதமான மருந்துகளும் தருவதையே நம்பினார். ஆனால் இதுவும் அரசியலாகி, எந்தக் கட்சிக்காரர் எந்த மருத்துவத்தை நம்புகிறார் என்று பத்திரிகைகளில் சண்டை நடந்தது.

ரஷ் கோழையோ பேராசைக்காரரோ அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1776-இன் விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்டவர் அவர். ஓடிப்போக எல்லா வசதியும் இருந்தும் நகரிலேயே தங்கி, ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார். உடன்பிறந்த சகோதரியையும் தம்மிடம் பயின்ற மாணவர் மூவரையும் பறிகொடுத்தார், தாமும் நோயுற்றார். அவரது துணிவை வணங்கலாம். அவரது மருத்துவத்தை ஏற்க இயலாது.

கேள்வி: அந்தக் கொள்ளைநோயின்போது கறுப்பின மக்கள் தொண்டு செய்ததாகவும், பிறகு அவர்கள்மீதே பழி சுமத்தப்பட்டதாகவும் படித்தேன். அது உண்மையா?
— பள்ளி ஆசிரியை, விருதுநகர்

பதில்: முழுக்க உண்மை. எங்களைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய செய்தியும் இதுவே.

பிலடெல்பியாவில் அப்போது 2,000-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். அடிமையாய்ப் பிறந்து, பின்னர் விடுதலை பெற்ற அப்சலம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் ஆகிய இருவரும் 1787-இல் 'சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்' என்ற பரஸ்பர உதவி அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். கறுப்பின மக்களுக்கு இந்நோய் வராது என்று ஒரு பழைய மருத்துவக் குறிப்பை வைத்து ரஷ் நம்பினார். அவர்கள் வந்து உதவ வேண்டும் என்று செப்டம்பர் தொடக்கத்தில் பத்திரிகையில் வேண்டுகோள் வெளியானது. ஆப்பிரிக்காவிலோ தீவுகளிலோ சிறுவயதில் இக்காய்ச்சல் கண்டு பிழைத்த சிலருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்திருக்கும். அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு அது இல்லை. தோலின் நிறத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஜோன்சும் ஆலனும் முதல் நாள் சென்ற வீடு எம்ஸ்லி சந்தில் இருந்தது. உள்ளே கணவன் உயிர் பிரியும் நிலையில் கிடந்தான். மனைவியின் உடல் அதே வீட்டில் கிடந்தது. உதவிக்கு இருந்தவை இரண்டு சிறு குழந்தைகள் மட்டுமே. தம்மால் இயன்றதைச் செய்துவிட்டு, அப்பெண்ணை அடக்கம் செய்ய ஏற்பாடு செய்த பிறகு, அன்றே இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். மறுநாள் மேயரிடம் போய், தாங்கள் எவ்வாறு உதவலாம் என்று கேட்டார்கள். அதிலிருந்து நோயாளிகளுக்குச் செவிலியர்களை அமர்த்துவது, உடல்களை எடுப்பது, படுக்கைகளை எரிப்பது ஆகியவை பெரும்பாலும் அவர்கள் பொறுப்பாயின. மருத்துவர்கள் போதாதபோது, ரஷ் கற்றுக்கொடுத்தபடி 800-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் அளித்தார்கள்.

நோய் ஓய்ந்த நவம்பரிலேயே மாத்யூ கேரி என்ற பதிப்பாளர் அந்நிகழ்வுகளை ஒரு சிறுநூலாக வெளியிட்டார். அது உடனுக்குடன் பல பதிப்புகள் கண்டது. அதில் ஜோன்ஸ், ஆலன் இருவரையும் பாராட்டிய அவர், செவிலியராக வேலை பார்த்த கறுப்பின மக்களில் பலர் அநியாயக் கூலி வாங்கினார்கள், நோயாளிகளின் வீடுகளில் திருடினார்கள் என்றும் எழுதினார். தலைவர் இருவரை மட்டும் தட்டிக்கொடுத்துவிட்டுச் சமூகத்தின் பெயரைக் கெடுக்கும் எழுத்து அது.

இருவரும் 1794 ஜனவரியில் தங்கள் பதிலை நூலாக வெளியிட்டார்கள். கறுப்பின ஆசிரியர்கள் அமெரிக்க அரசின் பதிப்புரிமை பெற்று வெளியிட்ட முதல் நூல் அது என்று கருதப்படுகிறது. கூலி ஏறியது தாங்கள் கேட்டதால் அல்ல, ஒரே செவிலிக்காகப் பணம் படைத்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு விலையை ஏற்றினார்கள் என்று அதில் விளக்கினார்கள். கூலியே வாங்காமல் நாட்கணக்கில் பணிபுரிந்தவர்களின் விவரங்களை எடுத்துக்காட்டினார்கள். திருடிய வெள்ளையர்களும் இருந்தார்கள் என்பதையும், கேரியே நோயின் நடுவில் நகரை விட்டுப் போனவர் என்பதையும் நினைவூட்டினார்கள்.

அந்நூலில் எங்கள் மனத்தை விட்டு அகலாத பகுதி ஒரு வரவு செலவுக் கணக்கு. இறந்தவர்களை அடக்கம் செய்ததற்கும் படுக்கைகளை எரித்ததற்கும் பெற்ற மொத்தத் தொகை 233 பவுன், 10 ஷில்லிங், 4 பென்ஸ். பணம் வராத சவப்பெட்டிகளுக்குச் செலவு 33 பவுன். கூலிக்கு அமர்த்திய ஐவரில் மூவர் 70 நாட்களும், இருவர் 63 நாட்களும் வேலை செய்தார்கள்; ஆளுக்கு ஒரு நாளைக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 378 பவுன். ஆக, செலவு 411 பவுன். கைப்பணத்தில் போனது 177 பவுன், 9 ஷில்லிங், 8 பென்ஸ். அவர்கள் இருவரும் தம் சொந்த உழைப்புக்கு ஒரு பென்ஸ்கூட அதில் எழுதிக்கொள்ளவில்லை. கொள்ளையடித்தார்கள் என்ற சொல்லுக்கு அவர்கள் அளித்த இந்தப் பதிலைவிட வலுவான ஒரு பதிலை நாங்கள் படித்ததில்லை.

நோய் கறுப்பினத்தவரைத் தீண்டாது என்ற கூற்றையும் அவர்கள் எண்களாலேயே மறுத்தார்கள்: 1792-இல் அடக்கம் செய்யப்பட்ட கறுப்பினத்தவர் 67 பேர், 1793-இல் 305 பேர். நான்கு மடங்குக்கும் மேல். ரஷ் தம் கருத்து தவறு என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். மேயர் கிளார்க்சனும் இருவரின் பணியையும் உறுதிப்படுத்தி எழுத்துமூலம் நற்சான்று வழங்கினார். 1794-இல் ஜோன்ஸ் தலைமையில் ஒன்றும் ஆலன் தலைமையில் ஒன்றுமாகக் கறுப்பின மக்களின் இரண்டு தேவாலயங்கள் அந்நகரில் திறக்கப்பட்டன. இரண்டு சபைகளும் இன்றும் செயல்பட்டு வருகின்றன.

கேள்வி: பிலடெல்பியா அதன் பிறகு என்ன பாடம் கற்றது? இந்தக் காய்ச்சல் நம் நாட்டுக்கு வர வாய்ப்பு உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: 1797, 1798, 1799 ஆகிய ஆண்டுகளில் நோய் மீண்டும் வந்தது. அசுத்தமே காரணம் என்று கருதிய நகர ஆட்சியினர், கிணறுகளை நம்பாமல் ஷூயில்கில் ஆற்றிலிருந்து நீரேற்றித் தர முடிவு செய்தார்கள். பெஞ்சமின் லட்ரோப் என்ற பொறியாளர் வடிவமைத்த நீராவி எந்திரங்கள் 1801-இல் நகருக்குத் தண்ணீர் வழங்கத் தொடங்கின. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்த வேலையானாலும் நகரத்துக்கு அது நன்மையே செய்தது. வரும் கப்பல்களைச் சோதிக்க ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு தனிமைப்படுத்தும் நிலையமும் எழுந்தது.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைக் கடத்தும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தொட்டிகளிலேயே இருப்பதால், வைரஸ் நுழைந்துவிடக் கூடாது என்பதில் அரசு கடுமை காட்டுகிறது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் இந்நோய் உள்ள நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வருபவர்கள் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படுவார்கள். மாக்ஸ் தைலர் 1937-இல் உருவாக்கிய தடுப்பூசியே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதற்காக அவருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருமுறை போட்டுக்கொண்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அந்நாடுகளுக்கு வேலைக்கோ பயணமாகவோ செல்பவர்கள் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம். புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொண்டால்தான் சான்றிதழ் செல்லுபடியாகும்.